வார் போன வழி

எழுபதுகளின் கடைசியில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு எதிரே ரப்பர் செருப்பு விற்ற அந்த மனிதரை எனக்குப் பிடித்ததே இல்லை. கடைப் பலகையில் சம்மணமிட்டு, பாதங்களை வேட்டிக்குள் மறைத்தே உட்கார்ந்திருப்பார்.

அவரிடம் வாங்கிய செருப்பால், வார் பட்ட இடமெல்லாம் எனக்குக் கொப்புளம் கிளம்பி நீர் வடிந்தது. அவரிடமே போய்க் காட்டினேன்.

"ஒங்க ஒடம்புச் சூடுங்க. கருவாடு, கத்திரிக்காயக் கொறைங்க."

"ரப்பர்ல கலக்குற கெமிக்கல்தான் காரணம்னு டாக்டர் சொல்றாரு!" என்று கத்தினேன்.

"வியாபார நேரத்துல வம்பு பண்ணாதீங்க, கெளம்புங்க!"

என்னை விரட்டச் சட்டென்று கீழே குதித்தார். வெறுங்கால். இரண்டு பாதங்களிலும் வார் போன வழியே தோல் வெள்ளை வெளேரென்று வெளுத்திருந்தது.

நான் பார்ப்பதைப் பார்த்தார். பழையபடி ஏறிச் சம்மணமிட்டுக்கொண்டு, என் பின்னால் நின்ற பெண்ணிடம் கேட்டார்:

"அம்மாவுக்கு எத்தனாம் நம்பருங்க?"