ஏழாம் நாள் பட்டினி கிடக்கும் ஊர்

வேதநாயகிக்கு நாற்பத்தொரு வயது. கட்கியில் வீடு, மகர்பட்டாவில் வேலை, நடுவில் இரண்டு பஸ். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் கேம் செக் பண்றது" என்பாள். கேட்டவர்கள் முகத்தில் உடனே ஒரு சிரிப்பு வரும். விளையாடுவதற்குச் சம்பளமா, கொடுத்துவைத்தவள் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களைப் பிடித்து அந்த ஊர்க்காரர்களோடு ஒரே ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும்.

ஊர்க்காரர்கள் என்றால் ஆட்டத்துக்குள் இருக்கும் ஊர்க்காரர்கள். அந்த ஆட்டத்தில் ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. விளையாடுகிறவர் இஷ்டத்துக்கு மண்ணை வெட்டலாம், வீடு கட்டலாம், மலையைக் குடையலாம். பக்கத்தில் ஓர் ஊர் இருக்கும். அதில் பதினான்கு பேர். கம்ப்யூட்டரே அவர்களை நடத்தும். அவர்களில் மூன்று பேர் உழவர்கள். கோதுமை விதைப்பார்கள், அறுப்பார்கள், ரொட்டி சுட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். புரோகிராமில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் உண்மையில் செய்வதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவள் வேதநாயகி.

முற்றிய கேரட்டை விட்டுவிட்டு முளை விட்டதைப் பிடுங்குவான் ஒருத்தன். நாம் கீழே வைத்த மரக்கன்றைக் கேட்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஆகாயத்தைப் பார்ப்பான் இன்னொருத்தன். மூன்றாமவன் இருக்கிறானே, ஏழாம் நம்பர், அவன்தான் அவள் உயிரை வாங்கப் பிறந்தவன்.

"அரே தேவா! பக்கத்துலயே ஒருத்தன் பசியில நிக்கிறான். இவன் இன்னாடான்னா வயிறு ரொம்பினவன் மேல போய் ரொட்டிய வீசறான்! கண்ணு இல்லியாடா உனக்கு?" என்று திரையைப் பார்த்துத் திட்டுவாள். வேலூரிலிருந்து தாத்தா காலத்தில் கட்கிக்கு வந்த குடும்பம். திட்டு தமிழில் தொடங்கி மராத்தியில் வளர்ந்து இந்தியில் முடியும். பக்கத்து நாற்காலிக்காரர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வார்கள்.

ஆனாலும் வேலையில் அவள் புலி. பி.காம். முடித்துப் பத்து வருடம் டேட்டா என்ட்ரியில் விரல் தேய்ந்தவள். ஒரே காரியத்தை நாற்பது தடவை சலிக்காமல் செய்வாள், நாற்பத்தோராவது தடவை நடக்கும் கோளாறைக் கண்டுபிடிப்பாள். இத்தனை இருந்தும் நான்கு வருடமாகக் கான்ட்ராக்ட்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் புதுத் தாளில் கையெழுத்து. வெடிமருந்து ஃபேக்டரியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. "பர்மனென்ட் ஆயிட்டியா?" என்று மாதம் ஒருமுறை கேட்பார். கேட்டுவிட்டு, பதில் தெரிந்தவர் போலப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். அதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருடம் பர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதைக் கெடுப்பதற்கென்றே வந்து சேர்ந்தது அந்த டிக்கெட்.

டிக்கெட் என்றால் கோளாறுக்கு எழுதும் புகார். எப்படிச் செய்தால் கோளாறு வருகிறது என்று படிப்படியாக எழுதிப் போட வேண்டும். ஆட்டத்தை எழுதிய புரோகிராமர் அதே படிகளைத் தன் மெஷினில் செய்து பார்ப்பார். வந்தால் சரி செய்வார். வராவிட்டால் 'எங்களிடம் வரவில்லை' என்று மூடிவிடுவார். வேதநாயகி எழுதியது இவ்வளவுதான்: ஊருக்குப் போகவும். உழவர்களோடு பழகவும். அவர்கள் கொடுக்கும் சூப்பைச் சாப்பிடவும். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கவும். ஆறு நாள் இப்படியே செய்யவும். ஏழாம் நாள் உழவர்கள் கோதுமையை அறுத்து அப்படியே கீழே போட்டுவிட்டு நிற்கிறார்கள். கோதுமை மட்குகிறது. ரொட்டி இல்லை. ஊரே பட்டினி.

கோகுல்நாத் செய்து பார்த்தான். கோயம்புத்தூர்ப் பையன், ஊர்க்காரர்களின் புத்தியை எழுதியவன் அவன்தான். அவன் மெஷினில் ஏழாம் நாள் ஊர் வயிறு நிறைய ரொட்டி தின்றது. மூடிவிட்டான். அவள் மறுபடி திறந்தாள். மறுபடி மூடினான்.

"எங்கிட்ட நல்லாத்தானுங்க்கா ஓடுது. உங்க மெஷின்ல ஏதாச்சும் இருக்குமாட்ட இருக்குது" என்றான்.

மெஷினை மாற்றிக் கொடுத்தார்கள். புது மெஷினிலும் ஏழாம் நாள் பட்டினி. உழவன் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க விளையாடுகிறவர்களுக்கு வழி கிடையாது. கோகுல்நாத்தால் பார்க்க முடியும், ஆனால் அவனுடைய உழவன்தான் ஒழுங்காக நடந்துகொள்கிறானே. அவள் எடுத்து அனுப்பிய வீடியோவில் ஏழாம் நம்பர் மட்கும் கோதுமைக்கு நடுவே கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பது மட்டும் தெரிந்தது.

டீம் லீடர் கிருஷ்ணப்ரியா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். சென்னைக்காரி, நல்லவள், சுற்றி வளைக்கத் தெரியாதவள். "வேதா, ஒரே டிக்கெட் ரெண்டு வாட்டி திரும்பி வந்திருக்கு. மூணாவது வாட்டியும் வந்துச்சுன்னா, பர்மனென்ட் பத்தி நான் மேல எப்படிப் பேசறது? நீங்களே சொல்லுங்க. பேசாம விட்டுடுங்களேன்."

விட்டிருக்கலாம். பட்டினி கிடப்பது யார், பொம்மைகள்தானே. ஆனால் தன் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல வேதநாயகிக்கு வாய் வரவில்லை. "என் எதிர்ல உட்கார்ந்து செய்யச் சொல்லுங்க ப்ரியா. என் மெஷின்ல, அவரு கையால. அப்பவும் வரலைன்னா நானே க்ளோஸ் பண்றேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்த பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று உறைத்தது.

புதன்கிழமை காலை கோகுல்நாத் வந்து உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை ரிலீஸ், அவனுக்கு ஆயிரம் வேலை. கிருஷ்ணப்ரியா பின்னால் நின்றாள். ஆட்டத்தின் ஒரு நாளைப் பத்து நிமிடமாகச் சுருக்கி வைத்துக்கொண்டார்கள்.

"ஊருக்குப் போங்க" என்றாள் வேதநாயகி. போனான். "வணக்கம் சொல்லுங்க." சொன்னான். ஏழாம் நம்பர் மெதுவாக அசைந்து வந்து ஒரு கிண்ணம் சூப் கொடுத்தான். கோகுல்நாத் சாப்பிட்டான். "இப்ப கிண்ணத்தத் திருப்பிக் குடுங்க." கொடுத்தான்.

வேதநாயகி திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா குடுத்தீங்க?"

"கிண்ணந்தானுங்க்கா."

"வெறும் கிண்ணமாவா?"

"பின்ன?"

"அரே! சாப்ட்டுட்டு வெறும் கிண்ணத்தயா நீட்டுவாங்க? ஒரு கேரட்டு, ஒரு பிடி பழம், ஏதாச்சும் போட்டுக் குடுக்க மாட்டீங்க? உங்கூட்ல இதெல்லாம் சொல்லியே தரலியா?"

கோகுல்நாத்தின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. "அக்கா," என்றான், "அது உங்க ஸ்டெப்ஸ்ல எங்கியுமே இல்லீங்களே."

"அதையெல்லாமா எழுதுவாங்க!"

கட்கி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது ஒரு படியே இல்லை. பக்கத்து வீட்டு ஷிண்டே தாயி ஒரு டப்பாவில் போஹா என்ற அவல் உப்புமா கொடுத்தால், அந்த டப்பா எலுமிச்சம்பழ சாதத்தோடுதான் திரும்பிப் போகும். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கரண்டி சர்க்கரையாவது போகும். வெறும் பாத்திரம் வாசல் தாண்டியதை அவள் பார்த்ததே இல்லை. ஆட்டத்தில் கிண்ணத்துக்குள் பொருள் வைக்க வழி இருந்தது. வைத்தாள். நான்கு வருடமாக, ஒவ்வொரு ஊரிலும், யோசிக்காமலே வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடவும் என்று யாராவது புகாரில் எழுதுவார்களா?

"போட்டுக் குடுங்க" என்றாள் கிருஷ்ணப்ரியா. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கோகுல்நாத் முதலிலிருந்து தொடங்கி, கேரட்டோடு கொடுத்தான். ஏழாம் நம்பர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் வேறொரு கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தான். அதையும் கோகுல்நாத் நிரப்பிக் கொடுத்தான், மற்ற இரண்டு உழவர்களுக்கும் அப்படியே. மூன்றாம் நாள், நான்காம் நாள். ஒரு மணி நேரம் கழித்து ஏழாம் நாள் விடிந்தது. ஏழாம் நம்பர் கோதுமையை அறுத்தான், அதன் மேலேயே நின்றான், அசையவில்லை. மற்ற இரண்டு பேரும் அப்படியே.

கோகுல்நாத் தன் மெஷினுக்கு ஓடிப் பையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. உழவன் பையில் எட்டே இடம். ஒன்றில் மண்வெட்டி, ஒன்றில் விதை. மீதி ஆறிலும் ஆறு கிண்ணங்கள், கேரட்டோடு. காலிக் கிண்ணமாக இருந்தால் அதிலேயே மறுநாள் சூப் ஊற்றிக்கொண்டு வந்திருப்பான். அன்பளிப்பாக வந்ததைத் தூக்கி எறியக் கூடாது, விற்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்று இரண்டு மாதம் முன்பு கோகுல்நாத்தான் எழுதி வைத்திருந்தான். நல்லெண்ணத்தில்தான் எழுதினான். அதனால் கோதுமையை வைக்க இடமில்லாமல் அந்த உழவன் கேரட்டைச் சுமந்துகொண்டே பட்டினி கிடந்தான்.

"மன்னிச்சுக்கோங்க்கா" என்றான்.

வேதநாயகிக்கு அப்போது அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டு மாதமாகத் திட்டித் தீர்த்த ஏழாம் நம்பரிடம் குற்றமே இல்லை. அவன் பையை அடைத்தது அவளுடைய கைதான்.

"சரி, அந்தக் கேரட்ட அவன் வீட்டுல கொண்டுபோய் வைக்கிற மாதிரி பண்ணுங்க. இல்லன்னா தின்னட்டும்" என்றாள்.

"அதுக்கு ரெண்டு வாரம் ஆகுமுங்க்கா. வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஒரே ஒரு வரி சேத்துனா போதும், கிண்ணத்துல ஏதாச்சும் இருந்தா அவன் வாங்க மாட்டான்."

"வாங்க மாட்டானா? குடுக்கறத வேணாம்னு சொல்லுவானா?"

"ஆமாங்க்கா. காலியா இருந்தாத்தான் வாங்குவான்."

"இப்போதைக்கு அதுவே போதும்" என்றாள் கிருஷ்ணப்ரியா. பிறகு வேதநாயகியின் தோளில் கை வைத்தாள். "சூப்பர் கேட்ச் வேதா. உங்க பேரை இன்னிக்கே மேல அனுப்பிடறேன்."

வியாழக்கிழமை புது பில்ட், அதாவது ஆட்டத்தின் திருத்திய வடிவம், வந்தது. திருத்தியதைப் பரிசோதிப்பதும் அவள் வேலைதான். ஊருக்குப் போனாள். சூப் வந்தது, சாப்பிட்டாள். கை தானாகக் கிண்ணத்தில் நான்கு கேரட்டை வைத்து நீட்டியது. ஏழாம் நம்பர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுபடி நீட்டினாள். மறுபடி திருப்பிக்கொண்டான்.

"மூஞ்சியப் பாரு" என்றாள். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை.

கேரட்டை எடுத்துவிட்டு நீட்டினாள். வாங்கிக்கொண்டான். ஏழாம் நாள் கோதுமை பைக்குள் போயிற்று, ரொட்டி வந்தது, பதினான்கு பேரும் தின்றார்கள். பத்தாம் நாளும் தின்றார்கள். இருபதாம் நாளும் தின்றார்கள். திரையில் வரிசையாகப் பச்சை டிக் விழுந்தது.

மத்தியானம் கிருஷ்ணப்ரியா இரண்டு சேதிகளோடு வந்தாள். மேலே சரி என்றுவிட்டார்கள், திங்கட்கிழமை கடிதம் வரும். இன்னொன்று, இனி வருகிற டெஸ்டர்களுக்காக இந்தப் படிகளை ஒழுங்காக எழுதி வைத்துவிட வேண்டும். "போன தடவை மாதிரி எதையும் விட்டுடாதீங்க வேதா" என்று சிரித்தாள்.

வேதநாயகி அப்பாவுக்கு போன் செய்தாள். "ஆயிட்டேன்பா" என்றாள்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.  போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

ஊருக்குப் போகவும். சூப்பைச் சாப்பிடவும். மூன்றாவது படியில் நெடுநேரம் கை ஓடவில்லை. கடைசியில் எழுதினாள்: கிண்ணத்தில் எதையும் வைக்காமல், வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவும். கீழே, எதிர்பார்க்கும் விளைவு என்ற கட்டத்தில், ஊரில் யாரும் பட்டினி இல்லை என்று எழுதினாள். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.