பால் காயாத முள்முடி

தண்ணீரூற்றுப் பக்கம் இடம்பெயர்ந்து வந்த கடற்கரைச் சனத்துக்குள்ளே றோஸ்மேரியை அறியாத ஆளில்லை. ஓடி வரேக்க எல்லாரும் சட்டி பானையைத் தூக்க, அவள் முள்முடிச் செடியில் நாலு தடியை முறிச்சுக்கொண்டு வந்தவள். விசரி எண்டு சிரிச்சினம். சிரிக்கட்டும். ஓட்டைச் சட்டிகளில் கடல்மண் நிரப்பி நட்டு, கிழமைக்கு ஒருக்காத்தான் தண்ணி விட்டாள். மாரிக்கு ஓலை சாத்தினாள். ஈரம் நிண்டால் தண்டு அழுகிப்போகும். இரண்டு வருசத்தில் கொட்டில் வாசல் முழுக்கச் சிவப்புப் பூ.

பிள்ளை இல்லாதவள் வேறென்ன செய்யிறது? புருசன் யோசெப்புக்கு அதுவும் பொறுக்கேல்லை. றஞ்சனி எண்ட இளம்பெட்டையோடு போகேக்க, படலையில் நிண்டு ஊர் கேட்கச் சொன்னான்.

“உனக்கு முள்ளுத்தானடி முளைக்கும்.”

பெரிய வெள்ளி நாடகத்தில் யேசுவாக நடிக்கிறவருக்கு முடி பின்னிக் குடுக்கிறது றோஸ்மேரிதான். அதுக்கொரு முறை இருக்கு. இரண்டு கிழமைக்கு முன்னமே தடி வெட்டி நிழலில் தொங்கவிட்டு, வடியிற பால் ஒட்டக் காஞ்ச பிறகுதான் வளைக்கலாம். பால் கண்ணில் பட்டால் கண் போச்சு. மற்றவைக்கு முள்ளில்தான் பயம். பாலின்ர சங்கதி அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

தொண்ணூற்றெட்டில் யேசு ஆர்? யோசெப். வெட்கம் கெட்டதுகள்! தாடியும் உடம்பும் இருந்தால் போதும் அதுகளுக்கு. றோஸ்மேரி இந்தமுறை இரண்டு கிழமைக்கு முன்னம் தடி வெட்டேல்லை. வெள்ளி விடியத்தான் தடி வெட்டினாள். அப்பிடியே பின்னி, வெளியில் வடிஞ்சதைத் துடைச்சுவிட்டாள். முடி வாங்க வந்த நாடகக்காரப் பாலன், பச்சையாயிருக்கே எண்டு கேட்டார்.

“பச்சைதான் வடிவு,” எண்டாள்.

உச்சி வெயிலில் சிலுவை சுமந்தவனுக்கு வேர்வை ஓடிச்சு, அதோடு பாலும் கண்ணுக்குள்ளே இறங்கிச்சு. யோசெப் எரிவு தாங்காமல் குழறினான். நல்லா நடிக்கிறானெண்டு சனம் நெஞ்சிலடிச்சு அழுதுது. முன்னுக்கு நிண்ட றோஸ்மேரிக்கு நெஞ்சு குளிர்ந்துது. உள்ளதைச் சொல்லவேணும்.

மருந்துக்கு வழியில்லாத காலம். ஒரு மாதத்தில் இரண்டு கண்ணும் வெள்ளை விழுந்து போச்சு. கடலுக்குப் போகேலாத மனுசன் றஞ்சனிக்கு எதுக்கு? ஒருநாள் மத்தியானம் கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து றோஸ்மேரியின் படலைக்குள் விட்டிட்டு, திரும்பியும் பாராமல் நடந்திட்டாள்.

தடவிக்கொண்டு வந்தவனுக்குக் கையில் முள்ளு ஏறிச்சு. ஆரின்ர வாசலெண்டு விளங்கியிருக்கும்.

“உன்னை அழவைச்சதுக்குக் கடவுள் தண்டிச்சிட்டார், றோஸ்மேரி.”

“கடவுளில்லை. நான்தான்.”

வேறெங்கே போவான்? நிண்ட இடத்திலேயே குந்தினான். அவள் சோறு போட்டுக்கொண்டு வந்து கையில் வைச்சாள். பசி, சாப்பிட்டான்.