மஞ்சள் தண்ணீர் குடித்த மாவுக்கட்டு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடிய பஸ்ஸில் நான் கண்டக்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், எங்கள் மூத்த பெண்ணுக்கு மூன்று வயது நடந்தது. நடந்தது வயதுதான், அவள் நடக்கவில்லை. பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரி டாக்டர், பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, செவ்வாய்க்கிழமைதோறும் மாவுக்கட்டு மாற்றிக் கட்டினார்.

லீவு போட்டால் முதலாளி வேறு ஆளை ஏற்றிவிடுவார். அதனால் என் பஸ்ஸே ஆஸ்பத்திரி வண்டியானது. காலை டிரிப்பில் திண்டிவனத்தில் மனைவியும் குழந்தையும் ஏறுவார்கள். டிரைவர் அண்ணன் ஸ்டாப்பே இல்லாத ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்துவார். நான் குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டு, விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்து தொற்றிக்கொள்வேன். மத்தியான டிரிப்பில் அதே வாசலில் ஏற்றிக்கொள்வேன்.

"இன்னா கண்டக்டரே, ஆஸ்பத்திரியாண்ட உனக்கு மட்டும் தனி ஸ்டாப்பா?" என்பார் விக்கிரவாண்டியில் ஏறும் காய்கறிக்காரர். சொல்லிவிட்டு, தம் கூடையை நகர்த்திக் குழந்தை கால் நீட்ட இடமும் கொடுப்பார். குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எனக்கு முன்னால் "போலாம் ரைட்!" என்று கத்துவாள். டிரைவர் அண்ணனும் சில நாள் அதைக் கேட்டே வண்டியை எடுத்துவிடுவார். ஓடி ஏறுவது என் பாடு.

வழியில் கூட்டேரிப்பட்டு வந்தால் மயிலம் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவேன். "முருகா, இவள் தன் காலால் நடந்து உன் படியேறணும்" என்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் வேண்டுதல்.

ஆடி மாதம் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "இதுதான் கடைசிக் கட்டு. தண்ணி படவே கூடாது. பாதம் பழையபடி திரும்பிட்டா, மெட்ராஸ் போய் ஆபரேஷன்தான்." என் மனைவி அந்தக் காலைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்துக் காப்பாற்றினாள்.

அந்த வாரம் முகையூரிலிருந்து என் அக்கா, அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையோடு வந்தாள். நான் டூட்டியில் இருந்தேன். மனைவி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைப்பதற்குள், அக்கா பெரியவளைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து பார்த்தால், மாவுக்கட்டு மஞ்சள் மஞ்சேரென்று ஊறி, அழுத்தினால் விரல் பதிகிறது.

"இன்னாக்கா இது?"

"ஆத்தாளுக்கு வேண்டிக்கினு இருந்தேன்டா. கால்ல மஞ்சத்தண்ணி ஊத்திட்டேன்."

"தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"தண்ணியா? எவ ஊத்துனா தண்ணி? வேப்பெல போட்டு, கற்பூரம் காட்டி, ஆத்தா காலடியில வெச்சு எடுத்தது. அதையும் கெணத்துத் தண்ணியையும் ஒண்ணாப் பேசறியே, நீயெல்லாம் விபூதி பூசிக்கினு!"

அம்மன் காலடியில் வைத்து எடுத்ததைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கும் வாய் கூசும். ஆனால் மாவுக்கு அதெல்லாம் தெரியாதே!

மறுநாளே, செவ்வாய்க்குக் காத்திராமல், காலை டிரிப்பில் எல்லோரையும் ஏற்றினேன். அன்று டிரைவர் அண்ணன், "அஞ்சு நிமிஷம் வண்டிய நிறுத்தறேன், நீயும் உள்ள போய்ட்டு ஜல்தியா வா" என்றார். காய்கறிக்காரர் தம் கூடையை மடியிலேயே தூக்கி வைத்துக்கொண்டார்.

டாக்டர் கட்டைப் பார்த்தார். "இது காலா, ஆயுதபூசைக்கு மஞ்சள் தடவின மைல்கல்லா?"

அக்கா முன்னால் வந்து நின்றாள். "ஐயா, திட்டறதுன்னா என்னத் திட்டுங்க. கொழந்த காலப் பாருங்க."

கட்டை வெட்டினார்கள். நான் கந்தசஷ்டியில்கூட அப்படி முருகனை அழைத்ததில்லை. டாக்டர் பாதத்தைப் பிடித்து அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"திரும்பல. தப்பிச்சீங்க. இன்னொரு கட்டு போட்டுடறேன்."

"பாத்தியாடா, ஆத்தா கைவிடல!" என்றாள் அக்கா.

"அம்மா, உங்க ஆத்தாகிட்ட சொல்லுங்க. இந்தக் கட்டு பிரிக்கிற வரைக்கும் கால் பக்கம் வர வேணாம், நான் பாத்துக்கிறேன்."

வாசலில் ஹாரன் அடித்தது. ஓடினேன். பஸ்ஸில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை, "இன்னாச்சு?" என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கட்டும் பிரித்தாயிற்று. தை மாதம் கிருத்திகை அன்று என் பெண் மயிலம் போனாள். எனக்கு லீவு இல்லை. கிருத்திகைக் கூட்டத்தில் எந்தக் கண்டக்டருக்கு லீவு? கூட்டேரிப்பட்டில் மனைவியும் அக்காவும் இறங்கிக் கை நீட்டினார்கள். அவள் அந்தக் கைகளைத் தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். தரையில் நின்றாள். நான்கு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

விசிலை வாயில் வைத்தேன். ஊதத்தான் முடியவில்லை.

"கண்டக்டரே, ரைட் குடுய்யா, வெயில் ஏறுது" என்றது பின்சீட்டு.

கீழேயிருந்து அவள் கத்தினாள்: "போலாம் ரைட்!"

டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார்.