குளவி கலைந்த நாளும் நிலக்ஷியின் கட்டிலும்

லிந்துலைக்கு மேலே, பனி இன்னும் விலகாத ஒரு காலையில் மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்தது. தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நிலக்ஷி ஓடவில்லை. தடுக்கி விழுந்துகிடந்த வீரம்மாவின் மேல், இடுப்பில் கட்டியிருந்த முரட்டுப் படங்குத் துணியை அவிழ்த்துப் போர்த்தி, தானும் குப்புறக் கவிழ்ந்துகொண்டாள்.

அதன்பிறகு எல்லாம் மிதந்தது. அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன கொழுந்து லொறி மேகத்துக்குள் போவதுபோலிருந்தது. மலைகள் அவளுக்குப் பக்கத்தில் நடந்து வந்தன.

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் துஷாந்த். கொழும்புக்குப் போய், முடி வளர்த்து, நிலக்ஷியாகத் திரும்பி வந்தாள். தோட்டத்து லயத்து வீடுகளில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே அலுத்துப்போனது. ஆஸ்பத்திரிதான் அவளுக்குப் பயம். முன்பொரு தடவை காய்ச்சலோடு போனபோது, பழைய பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. மருந்து வாங்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது எழ முடியவில்லை. அட்டெண்டன் செல்லசாமி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியை ஆண்கள் வாட்டுப் பக்கம் திருப்பினார். நிலக்ஷியின் உதடு வீங்கி, பேச்சு வரவில்லை.

"ஐயா, எங்க கொண்டு போறீங்க?" பக்கத்து வண்டியிலிருந்து வீரம்மா கத்தினாள். "அவ எங்க கூட வேல செய்ற புள்ளங்க! எனக்கு விழ வேண்டிய கொட்டெல்லாம் அவ வாங்கியிருக்கா!"

சத்தம் கேட்டுத் தாதி ஜெயந்தினி வந்தாள். நிலக்ஷியின் காதருகே குனிந்து, மெதுவாகக் கேட்டாள்:

"ஒங்கள எப்பிடிக் கூப்புடணும்? எந்த வாட்டுல இருந்தா ஒங்களுக்கு நிம்மதி?"

ஆஸ்பத்திரியில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நிலக்ஷி மிஸ்ஸி... வீரம்மாக்கா பக்கத்துல," என்று வீங்கிய உதட்டால் குழறினாள்.

பெண்கள் வாட்டில் ஓரத்துக் கட்டில் கிடைத்தது. திரையை இழுத்துவிட்டுத்தான் டொக்டர் உடம்பைப் பார்த்தார். சேலைன் சொட்டுச் சொட்டாக இறங்க, ஜன்னல் வழியே வந்த பனி கட்டில்களுக்கிடையில் உலாவிக்கொண்டிருந்தது. குளத்து நீரில் மல்லாந்து கிடப்பதுபோல அவள் கிடந்தாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் ஜெயந்தினி சொன்னாள்: "அன்னைக்கு எங்களுக்கே ஒண்ணும் வெளங்கல. ஒருநாள் வந்து, எப்பிடி நடந்துக்கணும்னு எங்க ஆளுங்களுக்குச் சொல்லித் தாறீங்களா?"

நிலக்ஷி வந்தாள். தேநீர் வேளையில் தாதிமாரும் அட்டெண்டன்மாரும் கூடினார்கள். ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். சிங்களத் தாதிமாருக்கு ஜெயந்தினி மொழிபெயர்த்தாள்.

செல்லசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தெரியாமத்தான் கேக்குறேன். ஒங்கள மாதிரி ஆளு வந்தா நாங்க என்னம்மா செய்யணும்?"

"மொதல்ல எங்ககிட்டயே கேளுங்க ஐயா. மத்தவங்களக் கூப்புட்டுக் காட்டாதீங்க. அது போதும்."

அவர் தலையாட்டினார். அவள் கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துபோனாள். கண்டக்டர் எழுப்பியபோது லிந்துலை தாண்டி, தலவாக்கலையே வந்துவிட்டது.

"எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டீங்களா தங்கச்சி?"

"பரவாயில்லண்ணே," என்றாள் நிலக்ஷி. "நல்ல தூக்கம்."