சோறு ஆறும்வரை ஜெபித்தேன்

சபையில் ஏழைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் பிள்ளைகள், "பாட்டி, நீங்க எஸ்டேட்டுல சமைச்ச கதையச் சொல்லுங்க" என்றார்கள். கேட்கவே எனக்குக் குஷி! எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஆனால் இது என் மானம் போன கதை.

அப்போது எனக்கு மலேசியாவில் பகாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக் கேன்டீனில் சமையல் வேலை. முதல் நாளே சாம்பாரில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டேன். "அக்கா, போர்ட்டிக்சன் கடல்லயா தண்ணி மோந்தீங்க?" என்றார் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அது கிடக்கட்டும்.

மேய் என்ற சீனப் பெண் அங்கே மரத்தடியில் விழும் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு வந்தாள். தோட்டத்துக்குப் புதுசு, தனியாள். செம்பனை முள் ஏறி அவள் கால் வீங்கிவிட்டது. வேலைக்குப் போகவில்லை, அடுப்பும் எரியவில்லை. மத்தியானம் மிஞ்சுகிற சோற்றை வாங்கிப் போகச் சொன்னேன். நல்ல காரியம்தானே?

ஆனால் உடனே கொடுக்க மாட்டேன். "துங்கு" என்று மலாயில் அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தட்டைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடுவேன்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்! இந்தப் பொம்பள மாதிரி என்னைய அடுத்தவங்க வாசல்ல நிக்க விடல. கால் கையி சுகமா வச்சிருக்கீங்க. என் புருசன் குடிக்கிறதில்ல..."

சோறு ஆறும்வரை போகும். அவள் ஒற்றைக் காலில் நிற்பாள்.

ஐந்தாம் நாள் நான் ஆமென் சொன்னதும் மேய் வாயைத் திறந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளில் பேசுகிற அசல் லயத்துத் தமிழ்.

"அக்கா, சாமிகிட்ட என் காலப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுங்கலா."

"ஒனக்குத் தமிழ் தெரியுமா?"

"நான் பொறந்ததே தமிழாளுங்க லயத்துலதான். மொத நாள்லேர்ந்து எல்லாம் வெளங்குச்சு."

சோற்றை வாங்காமல் நொண்டிக்கொண்டே போய்விட்டாள். கூட வேலை செய்த செல்வி பாத்திரம் கழுவியபடி சிரித்தாள். "மூஞ்சியப் பாத்து மலாய் பேசினியே, பேரு கேட்டப்பவே தமிழ் தெரியுமான்னு கேட்டிருக்கலாம்ல?"

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பசியோடு கிடக்கிறாளே என்று எனக்குக் கை ஓடவில்லை. மிஞ்சட்டும் என்று காத்திருக்காமல், வடித்த சோற்றில் முதல் கரண்டியையும் மீன் கறியையும் டிபன் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பாயில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"தப்பு என்மேலதான் மேய். மன்னிச்சிரு."

அவள் டிபனைப் பார்த்தாள். "இன்னிக்கு ஜெபம் எவ்ளோ நேரம்? பசிக்குதுலா."

"ஜெபமெல்லாம் இல்ல. நீ சாப்பிடு தாயி."

பாதிச் சோற்றில் நிமிர்ந்து, "நீங்க சாப்ட்டீங்களாக்கா?" என்று ஒரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினாள். ஐந்து நாளில் அவளிடம் நான் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மண்டோரிடம் கெஞ்சி, லோரியில் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் முள்ளை எடுக்க வைத்தேன். இன்றைக்கும் நினைத்தால் முகம் சுடுகிறது.

பிள்ளைகளா, ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள், நிறையச் சொல்லுங்கள். கையில் இருக்கிற தட்டை முதலில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.