கம்பியா, நூலா?

தெருவில் எல்லோரும் அவளை எழுத்துக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்ற காலத்திலேயே சென்ட் டப்பாக்களிலும் பத்திரிகை அட்டைகளிலும் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து, தானாகவே கற்றுக்கொண்டவள். தடித்த கோடு ஒன்று, அதை ஒட்டி மயிரிழைக் கோடு ஒன்று, முனையில் சின்னதாக ஒரு பாதம். அந்த ஜாதி எழுத்தென்றால் அவளுக்கு உயிர்.

அவளுக்குக் கிடைத்த முதல் கடைப் பலகை, தையல்கார அக்கா புதிதாகத் திறக்கப்போகும் கடைக்கானது. "தடிசு துணி மாதிரி, மெல்லிசு நூல் மாதிரி இருக்குடி!" என்று அக்கா அவள் வரைந்து காட்டிய மாதிரியைப் பார்த்துப் பூரித்துப்போனாள். பித்தளைத் தகட்டில் வெட்டிவிட்டால் திருத்த முடியாது. பலகை சரியாக வராவிட்டால், திரும்ப ஜெராக்ஸ் கடைதான். எனவே முதலில் அதே அளவில் காகிதத்தில் எழுதிக் கடைக்கு மேல் ஒட்டினார்கள்.

அவள் புருஷன் அந்தச் சாலையில் பஸ் ஓட்டுபவன். "வண்டியில ஏறிப் பாரு" என்றான். ஏறினாள். கடை நெருங்கியதும், "அங்க என்ன எழுதியிருக்கு, யாராவது படிங்க பாப்போம்!" என்று அவன் குரல் கொடுத்தான்.

"எழுத்தா? வெறும் கம்பியில்ல நட்டு வச்சிருக்கு!" என்றாள் மடியில் கூடை வைத்திருந்த அம்மா ஒருத்தி.

"கடைய ஜப்தி பண்ணிட்டாங்க போல" என்றது பின்சீட்டு. பஸ்ஸே சிரித்தது.

எழுத்துக்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. மெல்லிய கோடுகளைத் தூரம் தின்றுவிட்டது. தடித்தவை மட்டும் மிஞ்சி நின்றன. பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அட்டையில் கற்றதை அப்படியே பெரிதாக்கியிருந்தாள்.

இறங்கும்போது புருஷன் சொன்னான்: "மூஞ்சியத் தூக்காத. கூலி கொடுத்தாலும் இத்தனை கண்ணு கிடைக்குமா?"

வீடு போய்ச் சேரும்வரை அவனைத் திட்டினாள். பிறகு மெல்லிய கோடு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சதை வைத்து, புதுக் காகிதத்தைக் கடைக்கு மேல் ஒட்டினாள்.

"என் நூல் எங்கடி? கயிறு திரிச்சிருக்க!" என்று அக்கா பாய்ந்தாள். எழுத்துக்காரி அவள் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துப்போய் நிறுத்தினாள்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அட, நூலாத்தான் இருக்கு!"

மறுநாள் பஸ்ஸில் யாரும் கேட்காமலே யாரோ உரக்கப் படித்தார்கள். தகடு வெட்டப் போனது.

கடை திறந்த அன்று முதலில் படியேறியது அந்தக் கூடைக்காரம்மாதான். "பஸ்ல போறப்பப் படிச்சேன். ரவிக்கை தைக்கணும்."

எழுத்துக்காரி ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்கம்மா. உங்களுக்குத்தான் முதல் நன்றி."

"தைக்கக் கொடுக்க வந்தவ நானு. எனக்கு எதுக்குடி நன்றி?"

"கம்பின்னு சொன்னீங்களே, அதுக்கு."

"நானா? எப்போ?" என்றபடி அவள் கூடையிலிருந்து துணியை எடுத்தாள். வெளியே பஸ் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் தலைகள் திரும்பின.