யாரும் ஏறாத குடும்ப வண்டி

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர் ஓய்வு பெற்றால் என்ன செய்வார்? எங்கள் விசில் டீச்சர் மறுநாள் காலையிலேயே வீட்டு நாற்காலிகளை எல்லாம் கவிழ்த்துப் போட்டு, ஆடுகிற கால்களை முடுக்கினார். அதற்கடுத்த நாள் ஜன்னல் கீல்களுக்கு எண்ணெய். பிறகு பால்காரரை வாசலிலேயே நிறுத்தி, "முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்கிக் குனியுங்க" என்று மூன்று முறை குனிய வைத்து அனுப்பினார். மனுஷன் அதற்கப்புறம் பாலை வாசலில் வைத்துவிட்டு ஓட்டம் பிடித்தார்.

அண்ணி பார்த்துப் பார்த்துச் சொன்னார், "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதும்பாங்க. விட்டா என் வீட்டையே மைதானமாக்கிடுவா இவ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டீச்சருக்கு அந்த 'என் வீட்டை' மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

தப்பு அண்ணி மேல் இல்லை. அப்பா அம்மா போன பிறகு ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவர் டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்றார், சரி என்றார்கள். முப்பது வருஷத்தில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. அதுதான் சங்கடமே! சண்டை போட்டிருந்தால் உரிமை வந்திருக்கும். வேலை இருந்தவரை காலையில் போய் சாயங்காலம் வந்ததில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது கூடத்தில் உட்கார்ந்தால் விருந்தாளி மாதிரி இருந்தது. உட்கார மனசே வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கார் வந்தது. அண்ணனுக்கும் டீச்சருக்கும் பாதிப் பாதி. ஹைப்ரிட் எஸ்யூவி, பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். பிரேக் பிடித்தால் அந்த வேகத்தையே மின்சாரமாக்கிச் சேமித்துக்கொள்ளும். ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் இருப்பதோ நாலே பேர். அண்ணனுக்குக் கண் சரியில்லை. அண்ணி ஸ்டியரிங் பக்கமே போகமாட்டார். அண்ணன் மகள் ஊர்க் காற்றில் எவ்வளவு புகை இருக்கிறது என்று அளக்கிற ஆபீசில் வேலை பார்ப்பவள். கார் ஓட்டுவதில்லை என்று சபதமே எடுத்திருந்தாள். ஆக, ஓட்டுவதற்கு டீச்சரை விட்டால் ஆளில்லை. அப்பாடா, இந்த வீட்டில் நமக்கும் ஒரு வேலை கிடைத்தது என்று டீச்சருக்கு உயிர் வந்தது.

ஆனால் அண்ணன் மகள் சும்மா விடவில்லை. "யானையைக் கட்டித் தீனி போடற கதையா இருக்கு. நாலு பேருக்கு இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு? ஒரு வருஷம் பார்ப்போம். கம்பெனிக்காரன் சொன்ன மைலேஜ் வரலைன்னா வித்துட்டு எல்லாரும் பஸ்ல போவோம். சரியா அத்தை?"

"சரி" என்று அண்ணன் தலையாட்டிவிட்டார். அவருக்கென்ன, எதற்கும் தலையாட்டுவார். கார் போனால் டிரைவர் எதற்கு? டிரைவர் வேலையும் போய்விட்டால் இந்த வீட்டில் தான் எதற்கு? இதை யாரிடம் கேட்பது? கேட்கிற கேள்வியா இது?

அந்தக் காரில் ஒரு சனியன் இருந்தது. வண்டியை அணைத்ததும் திரையில் மைலேஜுக்குத் தகுந்தபடி நூற்றுக்கு எவ்வளவு என்று மார்க் போடும். பதமாக ஓட்டினால் தொண்ணூறுக்கு மேல், பக்கத்தில் ஒரு பச்சை இலை. அவசரப்பட்டு மிதித்தால் இலை வாடிப் போகும். ஆயுசு முழுக்க அடுத்தவருக்கு மார்க் போட்ட கைக்கு இது பொறுக்குமா? முதல் நாள் எழுபத்திரண்டு. டீச்சர் அன்று சாப்பிடவில்லை.

ஒரு வாரத்தில் வண்டியின் குணம் பிடிபட்டுவிட்டது. எஞ்சின் சூடேறும் வரை பெட்ரோலைக் குடிக்கிறது. பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்பினால் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது, மார்க் பாதாளத்துக்குப் போகிறது. ஏசி போட்டால் குறைகிறது. பாரம் ஏற்றினால் குறைகிறது. மேட்டில் ஏறினால் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் என்ன, ஆரம்பித்தது அட்டகாசம். அண்ணி மார்க்கெட்டுக்குக் கிளம்பினால், "நடந்து போங்க அண்ணி, முட்டிக்கு நல்லது." திரும்பி வரும்போது, "பூசணிக்காய் முழுசாவா வாங்கினீங்க? பாதி போதாதா?" அண்ணன் மகளை மழையில் பஸ் ஸ்டாண்டில் விடச் சொன்னால், "குடை இல்லையா உனக்கு?" அண்ணன் மட்டும் ஒருநாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஏசியைத் தட்டினார். டீச்சர் முறைத்த முறைப்பில் கையை எடுத்துக்கொண்டார். வேர்த்து விறுவிறுத்து இறங்கியவர், "இதுக்கு நான் வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்திருக்கலாம்" என்றார். போகப் போக யாரும் காரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

அப்படியும் மைலேஜ் சராசரி ஏறவில்லை. அப்போதுதான் டீச்சருக்கு அந்த யோசனை வந்தது. ஊரைச் சுற்றிப் போகிற புறவழிச் சாலை சமதளம். சிக்னல் கிடையாது. சாயங்காலத்தில் காரில் தனியாக, ஒரே வேகத்தில், ஜன்னலை ஏற்றிவிட்டு, காலைப் பூப்போல வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் தொண்ணூற்றெட்டு! நல்ல சுற்றைச் சேர்க்கச் சேர்க்கச் சராசரி தானாக மேலே வருகிறது. "டயருக்குக் காத்து அடிச்சிட்டு வரேன்" என்று கிளம்புவார். வாரத்தில் ஒருநாள் என்பது தினமும் ஆனது. ஒரு சுற்று இரண்டானது. குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுவது என்பார்களே, அதை நிஜமாகவே ஓட்டினார். எந்தக் காரின் டயரும் அவ்வளவு காற்றைக் குடித்திருக்காது.

சுற்றும்போது மட்டும் மனசு நிம்மதியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. முன்னால் ஒரு லாரி வேகத்தைக் குறைத்தால் படபடப்பு. எதிர்க்காற்று அடித்தால் கோபம். போனைக்கூட காரில் சார்ஜ் போடுவதில்லை. அதற்கும் கொஞ்சம் மின்சாரம் போகுமே! போன் பாதி வழியில் செத்துப்போகும், அதைப் பற்றிக் கவலையில்லை.

அன்றைக்குத் தொண்ணூற்றொன்பது. இலை மினுமினுவென்று நின்றது. டீச்சர் வாய் நிறையச் சிரிப்போடு வண்டியை விட்டு இறங்கினால், வீட்டு வாசலில் பூட்டு. எதிர்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வந்தார்.

"எங்கே போனீங்க டீச்சர்? உங்க அண்ணன் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சுருண்டு விழுந்துட்டாரு. உங்களுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்துட்டு, கடைசியில நான்தான் டாக்சி பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பினேன்."

அதற்கப்புறம் டீச்சர் வண்டியை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. எஞ்சின் கதறியது. ஆஸ்பத்திரி வாசலில் கோணல்மாணலாக நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தினாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் மாடிக்கு ஓடினார்.

அண்ணன் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். கையில் குளுக்கோஸ் ஊசி. சிறுநீரகத்தில் கல்லாம்; மருந்து போட்டதில் வலி அடங்கித் தூங்குகிறாராம். அண்ணன் மகள் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "பதறாதீங்க அத்தை. நீங்க இல்லாட்டி என்ன, நாங்களே சமாளிச்சிட்டோம்."

ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம். ஆனால் டீச்சர் இத்தனை மாதமாக எதைக் கேட்கக் கூடாது என்று அந்தச் சாலையைச் சுற்றிச் சுற்றி வந்தாரோ, அதையேதான் கேட்டார்.

"எங்கே போயிருந்தீங்க?" என்றாள் அவள்.

"எங்கேயும் போகல. மார்க் ஏத்தப் போனேன்." எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தினமும் சுற்றியது, டயர் காற்று, செத்துப்போன போன், எல்லாம்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அத்தை! சராசரி ஏறுதுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேனே! சும்மா சுத்தினாலும் பெட்ரோல் எரியும்தானே? ஆளே ஏறாத வண்டி நல்லா ஓடினா என்ன, ஓடலைன்னா என்ன? இவ்ளோ புகையை விட்டுட்டு, புகை குறைஞ்சிடுச்சுன்னு பச்சை இலை வாங்கியிருக்கீங்க!"

"தெரியும்டி!" டீச்சரின் குரல் மைதானம் முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய குரலில் வெடித்தது. "எனக்குத் தெரியாதா? மைலேஜ் வரலைன்னா வண்டியை விப்பேன்னு சொன்னியே. வண்டியை வித்துட்டா நான் எதுக்கு உங்க வீட்ல? தண்டச்சோறா உட்கார்ந்திருக்கவா?"

அண்ணன் மகள் அம்மாவைப் பார்த்தாள். அண்ணி கட்டிலின் மறுபக்கத்திலிருந்து மெதுவாக எழுந்து வந்தார். முகத்தைப் பார்த்தால் அறைந்துவிடுவார் போலிருந்தது.

"டாக்சியில வரும்போது என்ன நடந்துச்சு தெரியுமா உனக்கு? வழி நெடுக வலியில இந்த மனுஷன் ஒரே கத்தல். என்னைக் கூப்பிடல, பெத்த பொண்ணைக் கூப்பிடல. 'பாப்பா எங்கே, பாப்பாவை விட்டுட்டு வந்துட்டீங்களே'ன்னு அதே புலம்பல். அந்த டிரைவர் பையன் பாதி ரோட்டுல வண்டியை ஓரங்கட்டிட்டான். 'குழந்தையைத் தனியா வீட்ல விட்டுட்டா வந்தீங்க? திருப்பட்டுமாம்மா, கூட்டிக்கிட்டே போயிடலாம்'ங்கறான்! அறுபது வயசுக் குழந்தைடா அதுன்னு எப்படிச் சொல்றது அவன்கிட்ட?"

டீச்சர் அப்படியே அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நர்ஸ் ஓடி வந்து நோயாளிக்கு என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஓவென்று அழுதார்.

சத்தத்தில் அண்ணன் கண்ணைப் பாதி திறந்தார். "என்ன? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்றார் அண்ணி, டீச்சரின் முதுகைத் தடவிக்கொண்டே. "உங்க பாப்பா கிடைச்சிட்டா."